எலிசபெத் டில்லியின் வேர்களைத் தேடி: குடியேற்றக்கால அமெரிக்கப் பெண்ணின் வம்சாவளியை ஆராய விரும்பும் மாணவர்களுக்கு

முதுகலை வரலாற்றுப் படிப்பின் ஆய்வுக்கட்டுரைக்காக நான் தேர்ந்தெடுத்தவர் எலிசபெத் டில்லி. 1620-இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் பெற்றோருடன், இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள பிளிமத்துக்கு வந்து, முதல் குளிர்காலத்திலேயே இருவரையும் பறிகொடுத்து, அதே கப்பலில் வந்த ஜான் ஹவுலண்டை மணந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர் அவர். இப்படிப்பட்ட தலைப்பை எடுப்பவர்கள் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். இறப்பிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் மணமான பெண்ணின் சொத்துரிமை கணவனுடையதில் அடங்கிவிடும். ஆகவே கணவன் உயிரோடிருக்கும்வரை அவள் பெயரில் ஆவணங்கள் அரிதாகவே இருக்கும். கைம்பெண்ணான பிறகுதான் அவள் குரல் ஏடுகளில் தெளிவாகக் கேட்கிறது.

கைம்பெண்ணான பின் பிளிமத் குடியேற்றத்தைச் சேர்ந்த ஸ்வான்சி என்னும் ஊரில் வாழ்ந்த எலிசபெத் 1686 டிசம்பரில் எழுதிய உயிலில் தம் வயது எழுபத்தொன்பது என்கிறார். அந்த ஒரு வரி அவர் பிறந்த ஆண்டை ஏறத்தாழ 1607 என்று காட்டிவிடுகிறது. ஆனால் அந்த உயிலை மட்டும் வைத்துப் பிள்ளைகளின் பட்டியலை எழுதக் கூடாது. அதில் மகள்களாக லிடியா பிரவுன், எலிசபெத் டிக்கன்சன், ஹன்னா பாஸ்வொர்த் ஆகியோரே வருகிறார்கள். கணவர் 1672-இல் எழுதிய உயிலை அருகில் வைத்துப் பார்த்தால், அங்கே டிசயர் கோரம், ஹோப் சிப்மன், ரூத் குஷ்மன் ஆகிய மூவரும் கூடுதலாக இருக்கிறார்கள். தாய் உயில் எழுதும் முன்பே அவர்கள் இறந்துவிட்டதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இரண்டு உயில்களையும் இரு பத்திகளாக எழுதி, பெயருக்குப் பெயர் ஒப்பிட்ட வேளையில்தான் இந்த ஆய்வு எனக்குப் பிடிபட்டது. மணமான மகள்களின் கணவர் பெயர்களையும் உயில்களே தருவதால், அடுத்த தலைமுறைக்கான வழியும் அங்கேயே திறக்கிறது.

தேதிகளில் கவனம் தேவை. 1752 வரை ஆங்கிலேயர் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஆகவே அன்றைய கணக்கில் 1672-ஆகவும் இன்றைய கணக்கில் 1673-ஆகவும் வரும் ஜான் ஹவுலண்ட் இறந்த நாளை பிப்ரவரி 23, 1672/73 என்று இரட்டை ஆண்டாக எழுதுவதே முறை.

இனி, பெற்றோர் யார் என்னும் கேள்வி. எலிசபெத், பிளிமத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் மகள் என்று ஹவுலண்ட் வழியினர் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்தார்கள். வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய பிளிமத் வரலாற்றின், காணாமற்போயிருந்த கையெழுத்துப்படி 1855-இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்து, மறு ஆண்டு அச்சான பிறகே உண்மை வெளிப்பட்டது. அதன் இறுதியில் கப்பலில் வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பிராட்ஃபோர்ட் எழுதிவைத்த பட்டியலில், ஹவுலண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை என்று தெளிவாக உள்ளது. பிராட்ஃபோர்ட் அதே கப்பலில் வந்தவர், அவர்களோடு ஒரே ஊரில் வாழ்ந்தவர், பல்லாண்டுகள் ஆளுநராக இருந்தவர். எத்தனை பேர் நம்பினார்கள் என்பதைவிட, எழுதியவர் அதை நேரில் அறிந்திருக்கக் கூடியவரா என்பதையே நாம் எடைபோட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வம்ச மரங்களையும் இந்தக் கேள்வியோடுதான் அணுக வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவை.

தந்தையின் பெயர் உறுதியானதும் கடலைத் தாண்டலாம். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஹென்லோ என்னும் சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டில் 1607 ஆகஸ்டில் எலிசபெத்தின் திருமுழுக்கும், 1596-இல் பெற்றோரின் திருமணமும் பதிவாகியுள்ளன. உயில் சொன்ன வயதோடு இது பொருந்துகிறது. தாய் ஜோன் ஹர்ஸ்ட் முன்பு தாமஸ் ராஜர்ஸ் என்பவரை மணந்து கைம்பெண்ணானவர். மேஃபிளவரில் வந்த தாமஸ் ராஜர்ஸ் வேறொருவர்; பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.

எலிசபெத்தின் திருமண நாளுக்குப் பதிவு கிடையாது. ஆனால் 1627 மே மாதம் பிளிமத்தில் கால்நடைகளைப் பங்கிட்டபோது எழுதிய பட்டியலில் ஹவுலண்ட், மனைவி எலிசபெத், பிள்ளைகள் ஜான், டிசயர் என நால்வரும் இருக்கிறார்கள். ஆகவே கட்டுரையில் ஒரு தேதியை ஊகித்து எழுதாமல், '1627 மே மாதத்திற்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கும் அளவுக்கு முன்பே' என்று எழுதி, அந்தப் பட்டியலையே சான்றாகக் காட்டுங்கள்.