கணக்கீடு படித்தவர்கள் தகவல் முறைமைகள் பட்டத்துக்கு வரலாமா?

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் புள்ளியையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலையும் பக்கத்தில் வைத்துத் தெரிவுகளை வரிசைப்படுத்தும் நாட்களில், வணிகப் பிரிவுத் தம்பி தங்கைகள் அதிகம் கேட்பது இதுதான்: "அண்ணா, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் போடலாமா? கணிதப் பிரிவுப் பிள்ளைகளோடு நின்றுபிடிக்க ஏலுமா?"

போடலாம், நின்றுபிடிக்கவும் ஏலும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியான யூசிஎஸ்சியிலும் பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் இந்தப் பெயரிலேயே பட்டம் இருக்கிறது. தகைமை விபரத்தை மட்டும் உங்கள் ஆண்டுக்கான கைநூலில் நீங்களே பாருங்கள். போன பட்ச் அண்ணன் சொன்னதை நம்பிப் படிவம் நிரப்ப வேண்டாம்.

இதைக் கம்ப்யூட்டர் சயன்ஸின் 'லேசான பதிப்பு' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலாம் ஆண்டில் புரோகிராமிங், டேட்டாபேஸ், வலையமைப்பு, புள்ளிவிபரவியல் என்று இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பாடங்கள்தான். அதன்பிறகு அவர்கள் அல்கோரிதம், கம்பைலர் என்று உள்ளே போவார்கள். நாங்கள் நிறுவனம் எப்படி இயங்குகிறது, கொள்வனவு எப்படி நடக்கிறது, யார் ஒப்பமிட்டால் பணம் வெளியே போகும் என்று வெளியே வருவோம். இரண்டுக்கும் உழைப்பு வேண்டும், உழைக்கும் இடம்தான் வேறு.

எங்கள் குழுச் செயற்திட்டத்துக்கு ஒரு சின்ன பார்மசி கிடைத்தது. இருப்பைப் பதிய ஒரு மென்பொருள் வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். மருந்தின் பெயர், எண்ணிக்கை, விலை என்று ஓர் அட்டவணை போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு பின்னேரம் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தோம். பனடோல் பெட்டியாக வருகிறது, கார்டாக விற்கிறது, சில வேளை ஒரு ஆச்சி வந்து நாலு குளிசை மட்டும் கேட்கிறா. அப்போ இருப்பை எந்த அலகில் வைப்பது? குளிசையில்தான் வைக்க வேண்டும். பெட்டியும் கார்டும் அதன் மடங்குகள். அடுத்தது, ஒரே மருந்து இரண்டு தொகுதிகளாக வந்திருக்கிறது, காலாவதித் திகதி வேறு, வாங்கிய விலையும் வேறு. ஆகவே விலையும் திகதியும் மருந்துக்கு உரியவை அல்ல, தொகுதிக்கு உரியவை. மருந்துக்கு ஓர் அட்டவணை, தொகுதிக்கு இன்னொன்று, விற்கும்போது முதலில் காலாவதியாகும் தொகுதியிலிருந்து கழிய வேண்டும். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் கொட் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த நோர்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் முறை), விரிவுரை மண்டபத்தில் வெறும் விதிகளாகத்தான் தெரிந்தது. அந்தக் கவுண்டரில் நின்றபோதுதான் அது எதற்கென்று பிடிபட்டது.

இன்னொன்று. அந்தக் கடைக்காரர் சிங்களத்தில் பேசினார், எங்கள் ஆவணம் ஆங்கிலத்தில் போக வேண்டும், குழுவுக்குள் பாதிப் பேர் தமிழில் யோசித்தோம். வடக்கு, கிழக்கிலிருந்து வருபவர்கள் முதல் ஆண்டிலேயே பேச்சுச் சிங்களத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. தேவைகளைக் கேட்டுவரும் வேலையில் மூன்று மொழியும் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. ஆங்கில மொழிமூலம் முதல் அரையாண்டில் கொஞ்சம் உலுக்கும், பிறகு பழகிவிடும். உயர்தரத்துக்கும் கெம்பஸுக்கும் இடையில் நீளமான காத்திருப்பு இருக்கிறதே, அதில் பைதனையும் எக்செல்லையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களைக்கொண்டே படியுங்கள். இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். உயர்தரத்தில் ஐசிடி எடுத்தவர்களுக்குப் பைதனும், தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் தரவுப் பாய்ச்சல் வரைபடமும் ஏற்கனவே அறிமுகம், அவர்கள் பதற வேண்டியதில்லை.

பரீட்சைக்கு வருவோம். முறைமைப் பகுப்பாய்வுத் தாளில் ஒரு பக்கத்துக்குக் கதை தருவார்கள், நூலகமோ கிளினிக்கோ இருக்கும். வாசித்த கையோடு வரையத் தொடங்காதீர்கள். முதல் வாசிப்பில் பெயர்ச்சொற்களுக்குக் கீழே கோடு, இரண்டாவதில் "ஒன்றுக்கு மேற்பட்ட", "கட்டாயம்", "இருந்தால் மட்டும்" போன்ற நிபந்தனைகளுக்குக் கோடு. எந்தத் தரவு எதோடு தொடர்புபடுகிறது என்று காட்டும் உறவுநிலை வரைபடத்தில் புள்ளி கிடைப்பதும் போவதும் அந்த நிபந்தனைகளில்தான். முழு முறைமையையும் ஒரே செயல்முறையாகக் காட்டும் சூழல் வரைபடத்தில், தரவைச் சேமிக்கும் இடமான தரவுக் களஞ்சியத்தைக் காட்டக் கூடாது. தரவுப் பாய்ச்சல் வரைபடத்தில் வெளி ஆளிலிருந்து களஞ்சியத்துக்கு நேரே அம்பு போகக் கூடாது, நடுவில் ஒரு செயல்முறை வேண்டும். நோர்மலைசேஷன் கேள்வியில் எந்தப் புலம் எதைத் தீர்மானிக்கிறது என்பதை முதலில் தனியாக எழுதிவிடுங்கள், மிச்சம் தானாக வரும். முகாமைத்துவத் தாள்களில் வரைவிலக்கணத்தை ஒப்புவித்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தரப்பட்ட நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அதற்குப் பொருத்தி எழுத வேண்டும்.

அப்புறம் வேலை. வீட்டில் முதலில் கேட்பது "அரசாங்க வேலை கிடைக்குமோ?" என்றுதான். இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சேவை இருக்கிறது, ஐசிடி ஆசிரியர் வேலையும் இருக்கிறது. ஆனால் எங்கள் பட்ச்சில் பெரும்பாலானோர் போனது தனியார் பக்கம். பிஸ்னஸ் அனலிஸ்ட், மென்பொருளைச் சோதிக்கும் கியூஏ, டேட்டா அனலிஸ்ட், ஈஆர்பி (கணக்கு, கொள்வனவு, இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் நிறுவன மென்பொருள்) ஆலோசகர் என்பவை வழமையான வாசல்கள். கியூஏவுக்குப் போக நினைப்பவர்கள் மென்பொருள் சோதனைக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிகியூபியின் அடிப்படைப் பரீட்சையைப் படிக்கும்போதே முடிக்கலாம். 40 கேள்விகள், 65 வீதம் எடுத்தால் சித்தி. பரீட்சை மொழி தாய்மொழி இல்லாதவர்களுக்கு 60 நிமிடத்தோடு 15 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், பதியும்போது மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கணக்கீடு படித்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஈஆர்பி. ஈஆர்பி மென்பொருள் செய்யும் சுவீடனின் ஐஎஃப்எஸ் நிறுவனத்துக்குக் கொழும்பில் பெரிய கிளை இருக்கிறது. எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளைப் பயன்படுத்தும் ஆடைத் தொழில் நிறுவனங்களும் உண்டு. சரக்கு களஞ்சியத்துக்கு வந்துவிட்டது, விலைப்பட்டியல் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஏபி அப்போதே இருப்புக் கணக்கை வரவு (டெபிட்) வைத்து, ஓர் இடைக்கணக்கைச் செலவு (கிரெடிட்) வைக்கும். விலைப்பட்டியல் வந்ததும் இடைக்கணக்கு வரவாகித் தீர்ந்து, வழங்குநர் கணக்கு செலவாகும். கோடிங்கில் புலியாக இருப்பவருக்கு இதை விளக்க அரை நாள் போகும். இரட்டைப் பதிவு கைவந்த பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். பயிலுநர் நேர்முகத்தில் இந்த மாதிரிக் கேள்விதான் வரும், "உங்கள் பலம் என்ன" என்பதோடு நின்றுவிடாது.

நிறுவனத்தின் கணினி முறைமைகள் சரியாக இயங்குகின்றனவா என்று சோதிக்கும் தகவல் முறைமைக் கணக்காய்வும் இதே ஆட்களுக்குத்தான் பொருந்தும். பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் பட்டதாரிகளை எடுக்கின்றன. அங்கே பெயரெடுத்த சான்றிதழ், தகவல் முறைமைக் கணக்காய்வாளருக்கான சீசா. பரீட்சையை முன்னதாக எழுதலாம், சான்றிதழ் கையில் வர ஐந்து வருட அனுபவம் வேண்டும். பட்டத்துக்கு அதில் கொஞ்சம் விலக்கு உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, வாடிக்கையாளர் விபரத்தை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று நிறுவனங்களுக்குச் சொல்லக்கூடிய ஆட்களும் தேவைப்படுகிறார்கள்.

இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால்? மாலபேயில் அரசு சாராத உயர்கல்வி நிறுவனமான எஸ்எல்ஐஐடி தகவல் முறைமைப் பொறியியலில் சிறப்புப் பட்டம் தருகிறது, செலவைப் பார்த்து முடிவெடுங்கள். கை கடிக்கும் என்றால் 2000இல் தொடங்கி இப்போது யூசிஎஸ்சி நடத்தும் பிஐடி (தகவல் தொழினுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து வேலை செய்துகொண்டே படிக்கலாம். அதில் உங்களைத் தட்டி எழுப்ப ஒருவரும் இல்லை என்பதால் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும் ஒரு குழுவை முதல் மாதமே அமைத்துக்கொள்ளுங்கள்.