விசிறி சுழன்றால் மட்டும் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருப்பதாகாது

மேலூரில் கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைத்துத் தரும் என் சித்தப்பாவின் கணினி, ஆவணி முகூர்த்த வேலைகள் குவிந்து கிடந்த வாரத்தில், பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கிளம்பவில்லை. பார்க்க வந்த கடைக்காரர், கணினிக்குத் தேவையான மின்னழுத்தங்களைத் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே கழற்றி, அதன் பெரிய இணைப்பியில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்திருக்கிறார். விசிறி சுழன்றது. அதனால் கோளாறு மதர்போர்டில்தான் என்றும், அந்தக் காலத்து போர்டு இப்போது கிடைக்காததால் பிராசஸரையும் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றும், ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "ஏப்பா, பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பார்த்துடு" என்று சித்தப்பா அழைத்ததும், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரையும் என் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பையில் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன்.

சுவர் பிளக்கில் மேசை விளக்கு எரிந்தது. மானிட்டரின் பவர் கேபிளைக் கணினியில் செருகிப் பார்த்தும் பயனில்லை. பொத்தான் பழுதாகியிருக்கலாம் என்று, அதன் வயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டேன், அப்போதும் அசைவில்லை. ஆனால் போர்டில் ஒரு சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் சரியாக வருகிறது என்று எல்லோரையும் நம்ப வைத்தது அந்த விளக்குதான்.

கணினி அணைந்திருக்கும்போதும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, எஸ்.எம்.பி.எஸ். ஊதா வயர் வழியாக 5 வோல்ட்டை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதை உணர்ந்து, பச்சை வயரைத் தரையோடு, அதாவது கறுப்பு வயரோடு, இணைத்து, மற்ற மின்னழுத்தங்களை எழுப்பச் சொல்லும் சுற்று இந்த 5 வோல்ட்டில்தான் வேலை செய்கிறது. இதில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 4.75 முதல் 5.25 வரை. போர்டிலிருந்து கழற்றிய நிலையில் அளந்தபோது மீட்டர் 5.02 காட்டியது. இணைப்பியைப் போர்டில் செருகி, அதன் பின்புறம் வழியாக ஊசியை நுழைத்து மீண்டும் அளந்தேன். 3.9. சிறிய எல்.இ.டி. எரிய இவ்வளவு போதும், கணினி எழுந்திருக்கப் போதாது. சுமையே இல்லாமல் சுழலவிட்ட விசிறி இதைக் காட்டிக்கொடுத்திருக்க வழியில்லை.

ஆயினும் போர்டில் எங்கேனும் ஷார்ட் இருந்தாலும் 5 வோல்ட் இப்படி இறங்கும் என்பதால், அந்த அளவை மட்டும் வைத்து முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. கொண்டுபோன எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 ஊசி இணைப்பியையும், பலரும் மறந்துவிடும் பிராசஸருக்கான 4 ஊசி இணைப்பியையும் செருகிப் பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வேலையாகப் பத்திரிகைக் கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

எட்டு ஆண்டுகளாகச் சுவர் சுவிட்சை அணைத்ததே இல்லை என்று பிறகு சொன்னார். கல்நார் கூரையின் கீழ் வைகாசி வெயிலிலும் இரவு பகலாக உழைத்த அந்த 5 வோல்ட் பகுதியில் மின்னைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் உலர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கடந்த ஒரு மாதமாகக் காலையில் மூன்று நான்கு முறை அழுத்தினால்தான் கணினி கிளம்பியதாம். கெபாசிட்டர் தளரும்போது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பழைய பெட்டியைத் திறந்து கெபாசிட்டரை மாற்றலாமா என்று அவர் கேட்டதற்கு நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். நம் 230 வோல்ட் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் வரை உயரும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கக்கூடும்.

மறுநாள் மதுரையிலிருந்து 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கிப் பொருத்தினோம். இரவில் சுவர் சுவிட்சை அணைக்கத் தொடங்கியதும், தேதி பின்னுக்குப் போகிறது என்று சித்தப்பா மீண்டும் அழைத்தார். இத்தனை ஆண்டுகளாக அந்த 5 வோல்ட்டின் தயவில் வேலையின்றிக் கிடந்த, மின்சாரம் இல்லாதபோது தேதியைக் காக்கும் போர்டின் வட்ட பேட்டரியும் தீர்ந்திருந்தது. மேலூரிலேயே ஒரு சி.ஆர். 2032 வாங்கி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி அவரே மாற்றிக்கொண்டார்.