மங்கலதேவி மலையில் ஒரு சித்திரா பௌர்ணமி

விடியறதுக்கு முன்னாடியே தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஜீப்புக்கு நீளமான வரிசை. மங்கலதேவி கண்ணகி கோயில் பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கிறது. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் பக்தர்களை விடுவார்கள். கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். என் முட்டியைக் கேட்டேன், ஜீப் என்றது. சோதனைச் சாவடியில் என் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் போச்சு. தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்திருந்த அம்மாக்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டிரைவர் மலையாளி. "எங்க சேச்சி பொங்காலைக்கு ஆற்றுகால் போகும் சார். அங்கயும் இதே அம்மதான்" என்றார். திருவனந்தபுரம் ஆற்றுகாலில் கண்ணகி கதையைத் தோற்றம்பாட்டாக, அதாவது அம்மன் கதை சொல்லும் சடங்குப் பாட்டாக, பாடுகிறார்கள். பாண்டியன் வதம் பாடி முடித்த பிறகுதான் அடுப்பு பற்றவைப்பார்களாம். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வழக்குரை காதை, அங்கே பொங்கல் வைக்க நேரம் குறித்துக் கொடுக்கிறது!

மேலே ஏறினால் கூரை போன கருங்கல் மண்டபங்கள், சரிந்த மதில், கீழே கம்பம் பள்ளத்தாக்கு. இரண்டு மாநிலப் போலீஸும் நிற்கிறது. தமிழ்ப் பூசாரிகளும் மலையாளப் பூசாரிகளும் தனித்தனியாகப் பூஜை செய்கிறார்கள். கோயில் யாருடையது என்ற வழக்கு பல வருஷமாக ஓடுகிறது. அதைப் பற்றிப் பேச அங்கே இரண்டு தரப்பிலும் ஆளுக்குக் குறைவில்லை, நான் நைசாக நகர்ந்துவிட்டேன்.

இந்த இடிபாட்டைச் சிலப்பதிகாரத்தோடு சேர்த்துக் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள் என்கிறது காப்பியம். அவரும் அந்த வழியையே தேடி நடந்து 1963-இல் இங்கே வந்து நின்றார். கேரளத்துக் கொடுங்கல்லூர் பகவதிதான் அந்தக் கண்ணகி என்பவர்களும் உண்டு. எனக்கு இந்த மலைதான் பிடித்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடைசிப் பகுதியான வரந்தரு காதையில் 'மங்கல மடந்தை கோட்டம்' என்றே வருகிறது.

சந்தனக் காப்பில், பட்டுப்புடவையில் அம்மன். நான் தேடிப் போனது வேறு ஒருத்தியை: தலைவிரி கோலம், கையில் ஒற்றைச் சிலம்பு, 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு மெரினாவில் வைத்த சிலை மாதிரி. அந்தச் சிலையை 2001-இல் எடுத்து, 2006-இல் திரும்ப வைத்த கூத்தெல்லாம் நமக்குத் தெரியும். யோசித்தால் அந்தக் கண்ணகிதான் புதுசு. உ.வே.சா. ஏட்டிலிருந்து சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்ததே 1892-இல்தான். இளங்கோவின் கணக்குப்படியும், வேங்கை மரத்தடியில் அவளைப் பார்த்துத் தெய்வம் என்று முதலில் கும்பிட்டவர்கள் மலைக்குறவர்கள். சேரன் செங்குட்டுவன் கேட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். அவளுக்குச் சிலை வைக்க இமயத்திலிருந்து கல் கொண்டுவந்ததெல்லாம் அப்புறம்.

பக்கத்தில் கூடலூர்ப் பாட்டி ஒருவர். பேத்திக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறதாம். அம்மன் காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் கயிறும் இரண்டு கண்ணாடி வளையலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் தாலிபாக்கியம் கேட்கிறார்களே என்று எனக்குள் உறுத்தியது. படிச்ச புத்தி, சும்மா இருக்குமா?

"பாட்டி, இந்த அம்மா கதை தெரியுமா?"

"தெரியாம? ராசா தப்பா தீர்ப்புச் சொன்னான், நேராப் போயி கேட்டா. ஊரே எரிஞ்சு போச்சு."

"அவ புருஷன் கோவலன்..."

பாட்டி முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். "அவன் சங்கதியை எதுக்குப்பா இங்க எடுக்குற? வரிசை நகருது, போ."