பட்டாபிக்குப் பிரசவம்

இன்று காலை தாத்தா திருவாராதனத்துக்கு, அதாவது வீட்டுப் பெருமாள் பூஜைக்கு, உட்கார்ந்து மணியைக் கையில் எடுத்தார். அடிப்பதற்கு முன்னாலேயே, பெருமாள் எழுந்தருளியிருக்கிற கோயிலாழ்வாருக்குப் பின்னாலிருந்து நான்கு குரல் கேட்டது. எங்கள் பூனை பட்டாபி குட்டிகளோடு மறுபடியும் ஜாகை மாற்றிவிட்டாள்.

பட்டாபி மாற்றிவிட்டாள் என்று எழுதும்போதே இலக்கணம் இடறுகிறது. போன புரட்டாசியில் பூக்காரம்மா கூடையோடு கொண்டுவந்து திண்ணையில் இறக்கியபோது, “கடுவன்தான் சாமி, தைரியமா வளங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். பூ விஷயத்தில் பொய் சொல்லாதவள் பூனை விஷயத்திலும் சொல்லமாட்டாள் என்று வீடு மொத்தமும் நம்பியது. வாலைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை. ஆணுக்கு இரண்டு புள்ளி, நடுவே நல்ல இடைவெளி, முக்காற்புள்ளி போல. பெண்ணுக்கு மேலே புள்ளி, ஒட்டினாற்போல் கீழே சின்னக் கோடு, ஆச்சரியக்குறியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

வாலைக்கூடத் தூக்க வேண்டாம். முதுகைப் பார்த்தால் போதும். வெள்ளை, கருப்பு, செம்பட்டை என்று மூன்று நிறமும் திட்டுத்திட்டாக இருக்கிற பூனை அநேகமாகப் பெண்தான். செம்பட்டைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே உடம்பில் செம்பட்டையும் கருப்பும் வர இரண்டு எக்ஸ் வேண்டும். கடுவனுக்கு இருப்பது ஒன்று. எட்டு மாசமாகத் தன் ஜாதகத்தை முதுகில் எழுதிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தும், பி.எஸ்சி. விலங்கியல் படித்த அப்பா உள்பட யாரும் வாசிக்கவில்லை.

பங்குனியில் ராத்திரி ஒப்பாரி ஆரம்பித்தது. தரையில் புரண்டாள், முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கினாள், வாலை ஒருபக்கமாக ஒதுக்கினாள். அம்மா வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீர் காட்டினாள். பாட்டி திருஷ்டி என்றாள். ஒரு வாரம் கத்திவிட்டு ஓய்ந்ததும் ஓமம் வேலை செய்தது என்று அம்மாவுக்குப் பெருமை. கடுவன் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அதே கச்சேரி மறுபடி தொடங்கும் என்பது யாருக்குத் தெரியும்? குளிர் தேசத்துப் பூனைகள் பகல் குறைகிற மாசங்களில் கொஞ்சம் அடங்கும். ஸ்ரீரங்கத்தில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒன்றரை மணி வித்தியாசம்கூடக் கிடையாது. இங்கே வருஷம் பூராவும் சீசன்.

பங்குனி உத்திரத்தன்று எல்லோரும் கோயிலில் பெருமாளும் தாயாரும் சேர்ந்திருக்கிற சேர்த்தி சேவிக்கப் போனோம். மொட்டைமாடிக் கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டியது தம்பியின் பொறுப்பு. அவன் போட்டேன் என்கிறான். கதவு இல்லை என்கிறது. பூனைக்குச் சினைமுட்டை கணக்கு வைத்துத் தானாக வெளியே வருவது குறைவு. பெரும்பாலும் கடுவன் சேர்ந்த தூண்டுதலில்தான் வரும். ஆகையால் குறி தப்புவது குறைவு. ஒரு தாழ்ப்பாள், ஒரு ராத்திரி, அறுபத்துநாலு நாள்.

மூன்றாவது வாரத்தில் முலைக்காம்பெல்லாம் ரோஜா நிறமாகத் துருத்திக்கொண்டு வரும். வெள்ளை வயிறு, நன்றாகவே தெரிந்தது. கடுவனுக்கும் காம்பு உண்டு என்ற அரைகுறை ஞானத்தால் அப்பா அதைத் தள்ளுபடி செய்தார். வயிறு உப்பியபோது ததியோன்னம் (தயிர்சாதம்) ஜாஸ்தி என்று பாட்டி அளவைக் குறைத்தாள். ஐம்பதாம் நாள் வாக்கில் அந்த வயிறு பக்கவாட்டில் தானாக அசைந்தது. அம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் குட்டிகளின் எலும்பு படத்தில் விழும், மண்டையை எண்ணிவிடலாம். பிரசவத்தன்று உள்ளே இன்னொன்று பாக்கியா என்று தவிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. நாலு மண்டை. பேர் எழுதும்போது, “பட்டாபிங்கிறது பூனை பேரா, வீட்டுக்காரர் பேரா?” என்று கேட்டார். திரும்பி வரும் ஆட்டோவில் அப்பா வாயே திறக்கவில்லை. பட்டாபி பட்டம்மாள் ஆனாள். கூப்பிடுவது ரெண்டுக்கும் பட்டுதான் என்பதால் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

சிரமம் சாப்பாட்டில்தான். பூனை மாமிசம் தின்றே தீரவேண்டிய ஜன்மம். அதற்கு வேண்டிய டாரின் என்கிற சத்து அரிசியிலும் பருப்பிலும் இல்லை. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். ததியோன்னத்தில் வளர்ந்த பூனை என்று பாட்டி பெருமைப்பட்டதெல்லாம், மாடியில் தம்பி திருட்டுத்தனமாகப் போட்ட உருண்டைத் தீனியிலும் பல்லியிலும் வளர்ந்த பூனை. இப்போது திருட்டுத்தனம் போதாது. கர்ப்பத்தின் கடைசி மாசமும் பால் கொடுக்கிற காலமும் குட்டிகளுக்கான தீனியையே தாய்க்கும் போடவேண்டும், அதில்தான் சத்து அதிகம். நாலு குட்டிக்குப் பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இறங்கும். மூன்று கிலோ மூட்டை வீட்டுக்கு வந்தது. மூட்டையின் மேல் இருந்த மீன் படத்தின் மீது அம்மா தினசரிக் காலண்டர் தாளை ஒட்டினாள். அன்றைக்கு ஏகாதசி. சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கலாமா என்று அப்பா கேட்டார். கூடாது. கர்ப்பத்தில் அளவுமீறிக் கொடுத்தால் உடம்பு தானாகச் சுண்ணாம்பு எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும். பால் சுரக்கிற நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

பிரசவப் பெட்டி தயார் செய்தது தாத்தா. இரண்டடிக்கு ஒன்றரையடி அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் மட்டும் அரையடி உயரத்துக்கு வெட்டி வாசல், உள்ளே நைந்த எட்டு முழ வேஷ்டி. துவாலை வைக்கக்கூடாது, இழைச் சுருளில் குட்டியின் நகம் மாட்டும். மாடிப்படிக்குக் கீழே இருட்டில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில், இரண்டு வாரம் முன்னாலேயே வைத்துப் பழக்கினார். அவள் ஒரு தரம் முகர்ந்துவிட்டுப் போனவள்தான்.

பூனை பிரசவத்துக்கு என்ன தேடும்? இருட்டு, உயரமான ஓரம், சுத்தமான பருத்தித் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக யாருடைய கையும் படாத இடம். இந்த வீட்டில் யாருமே தொடக்கூடாத இடம் ஒன்றுதான் இருக்கிறது. துவைத்து உலர்த்தி, பிறர் கைபடாமல் பூஜைக்கென்று மடித்துணி வைக்கிற பாட்டியின் மடிப்பெட்டி.

முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தீனியைத் தொடவில்லை. உள்ளுக்கும் கூடத்துக்கும் அலைந்தாள். குட்டி போட்ட பூனை மாதிரி என்கிறோமே, பழமொழி சொன்னவர் ஒரு நாள் தள்ளிப் பார்த்துவிட்டார். அலைச்சல் குட்டி போடுவதற்கு முன்னால். போட்ட அன்று கல்லாய்ப் படுத்திருக்கும். ராத்திரி ஒன்று பத்துக்கு மடிப்பெட்டியிலிருந்து முதல் கத்தல். மூடி சரியாக மூடவில்லை என்று தெரிந்தது. ஒன்பது கஜப் புடவை நாலு, தாத்தாவின் பஞ்சகச்சம் ரெண்டு, எல்லாவற்றுக்கும் நடுவே பட்டு.

ஒன்று முப்பத்தைந்துக்கு இரண்டாவது, இரண்டு இருபதுக்கு மூன்றாவது. பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. முக்காமல் சும்மா படுத்துக் குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தால் பயமில்லை, இடைவேளை விடும். விடாமல் முக்கியும் அரைமணிக்குள் குட்டி வரவில்லை என்றால்தான் ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பாதி வெளியே வந்ததைப் பிடித்து இழுக்கவே கூடாது. நாலு ஐந்துக்கு நாலாவது வந்தது. களைப்பில் அதன் பையை அவள் கிழிக்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அம்மாதான் மூக்குப் பக்கமாக விரலால் கிழித்து, வாயைத் துடைத்து, காய்ந்த துணியால் முதுகைப் பரபரவென்று தேய்த்தாள். பாட்டி மூன்றடி தள்ளி நின்று, ஒன்றையும் தொடாமல், “மூக்கைத் துடைடி, மூக்கை, மூக்கை” என்று பிரசவத்தையே நடத்தினாள். வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டுத் தொப்புள்கொடியைக் கட்ட நூல் வேண்டியிருந்தது. பூத்தொடுக்கிற நூல்கண்டைப் பாட்டி உருட்டிவிட்டாள். குட்டி ‘கீச்’ என்றது. முறுக்கு மாவு நிறுக்கிற தராசில் மற்ற மூன்றும் நூறு கிராமை ஒட்டி, இது எழுபத்துநாலு.

விடிந்ததும் விவகாரம். பசு கன்று போட்டால் பத்து நாள் அந்தப் பாலைப் பெருமாளுக்குச் சேர்ப்பதில்லை, பூனைக்கு என்ன கணக்கு என்று பாட்டி கேட்டாள். தாத்தா எந்த கிரந்தத்திலும் இல்லை என்றார். இல்லாவிட்டால் பத்து என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டு, புதுசாக ஒரு ஒன்பது கஜத்தை நனைத்துக் கொடியில் உலர்த்தினாள்.

அடுத்து, தகப்பன் யார். ஒரு குட்டி செம்பட்டைக் கடுவன், ஒன்று தாயைப்போல் மூவர்ணம், இரண்டு கருப்பு வெள்ளை. எதிர்வீட்டு மாமி தெருக்கோடி செம்பட்டைக் கடுவன்தான் என்று பார்த்த சாட்சிபோல் சொன்னாள். சட்டப்படி நிற்காது. ஆண்குட்டிக்கு எக்ஸ் வருவது தாயிடமிருந்து மட்டும், அதனால் அதன் செம்பட்டை பட்டு கொடுத்த சீதனம். செம்பட்டையில் பெண்குட்டி பிறந்திருந்தால் அவனைக் கூண்டில் ஏற்றலாம். போதாததற்கு ஒரே ஈற்றில் இரண்டு மூன்று தகப்பன் இருப்பதும் பூனையில் சகஜம். இதை மாமியிடம் விளக்கப்போன அப்பாவை அம்மா உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வேலைக்காரம்மா மடி உள்ளைப் பினாயில் போட்டுத் துடைத்தாள். வாசனை ஒரு பக்கம் இருக்கட்டும், பினாயில் பூனைக்கு விஷம். அதை முறிக்கிற சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு, தரையில் பட்ட பாதத்தை நக்கினாலே போதும். வெறும் வெந்நீர் போதும் என்று சொல்லாதது நம் தப்பு. பட்டு அன்று மத்தியானமே கிளம்பினாள். பிடரித் தோலைக் கவ்வியதும் குட்டி மூச்சுப்பேச்சில்லாமல் துவண்டு, காலையும் வாலையும் வயிற்றோடு சுருட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகத் தாத்தாவின் புஸ்தக அலமாரிக்கு. பக்தன் பெருமாளைக் குரங்குக்குட்டி தாயைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளவேண்டுமா, பூனைக்குட்டி போலச் சும்மா இருந்தால் அவரே தூக்கிக்கொள்வாரா என்கிற பழைய வழக்கை ஐம்பத்திரண்டு வருஷமாக நடத்துகிற வீடு இது. தாத்தா தென்கலை, பூனைக் கட்சி. பாட்டி வடகலைப் பிறந்தகம், குரங்குக் கட்சி. “பார், குட்டி ஒண்ணும் பண்ணலை பார். அப்படியே விட்டுடுத்து. அவ தூக்கறா” என்று தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றைத் தூக்கியவள் நாலாவதுக்குத் திரும்பி வரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எழுபத்தெட்டு கிராம் பெட்டி மூலையில் குளிர்ந்துகொண்டிருந்தது.

“உங்க பூனைக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியலையா?” என்றாள் பாட்டி.

தாத்தா பதில் சொல்லவில்லை. தம்பி அதை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினான். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக்கூடாது, செரிக்காது. முதலில் சூடு, அப்புறம் பால். தாயிடம் கொண்டுபோய் வைத்ததும் ஏற்றுக்கொண்டாள், ஆனால் பெரியவை முட்டித் தள்ளின. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறவேண்டிய இடத்தில் ஒன்றும் ஏறவில்லை. பசும்பால் வயிற்றைக் கலக்கும். பூனைக்குட்டிக்கான பால்பொடி, ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்ச், மூன்று மணிக்கு ஒரு தடவை இரண்டு மில்லி. குழந்தைபோல் மல்லாத்தினால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற வைத்துத் தலையை லேசாக நிமிர்த்தவேண்டும். குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவவேண்டும், மூன்று வாரம் வரைக்கும் தானாகப் போகாது. பதினொரு மணி தம்பி, ரெண்டு மணி அப்பா, ஐந்து மணி அம்மா என்று முறை போட்டோம். பாட்டி பேர் பட்டியலில் இல்லை. ராத்திரி மடியாக இருக்கும்போது பூனை பட்டால் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்கிற மனுஷி.

இரண்டாவது ராத்திரியே அப்பா அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பயந்துகொண்டே நிறுத்தால் பன்னிரண்டு கிராம் ஏறியிருக்கிறது. சிரிஞ்ச் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா தம்பியைப் பார்த்தார். நடுராத்திரி குளியலறையில் சத்தம் கேட்டதே என்று தாத்தா மெதுவாக ஆரம்பித்தார். “வெக்கை. தூக்கம் வரலை. தண்ணி விட்டுண்டேன், அது ஒரு குத்தமா?” என்றாள் பாட்டி. கொடியில் காய்ந்த ஒன்பது கஜத்தில், மார்புக்கு நேரே, அங்கங்கே இழை இழுத்திருந்தது. பூனைக்குட்டிக்கு முதல் சில வாரம் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரியாது. எதைப் பிடித்தாலும் பிடித்ததுதான்.

இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். கண் நாலுக்கும் திறந்துவிட்டது, எல்லாம் இப்போதைக்கு நீலம். இரண்டு வாரத்தில் தாயின் தீனியைக் குழைத்துக் கொடுக்கலாம். எட்டு வாரத்துக்கு முன்னால் கேட்கிறவர்களுக்குத் தரமுடியாது. எதிர்வீட்டு மாமி இப்போதே மூவர்ணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறாள். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகும், ஆகையால் மாடிக்கதவுக்குத் தாழ்ப்பாளோடு பூட்டும் போட்டு, சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். பால் வற்றியதும் கருத்தடைக்கு நாள் குறித்தாயிற்று. அதுவரைக்கும் கோயிலாழ்வாரில் கற்பூரம் கிடையாது, அதுவும் பூனைக்கு ஆகாது. நெய்விளக்கு மட்டும் என்று தாத்தா சம்மதித்துவிட்டார்.

நாலாவது இருநூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன்களை முட்டித் தள்ளி முதல் காம்பைப் பிடிக்கிறது. சிரிஞ்சைக் கழுவி அலமாரியில் வைத்து நாலு நாளாகிறது. ராத்திரி ரெண்டரைக்குக் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.