வத்தம் பார்த்துப் போகும் ஊர்

செப்டம்பர் 6, சனி

அக்டோபர் 10, 11, 12. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ராபின் ஹூட்ஸ் பே. பயணம் முடிவாகிவிட்டது.

அவர் விட்பிக்கே போகலாம் என்றார். விட்பி அழகுதான், ஆனால் நடக்க இடமிருக்காது. அதற்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள், மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் தொற்றிக்கொண்டிருக்கும் மீனவக் கிராமம் இது. (ராபின் ஹூட்டுக்கும் இந்த ஊருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.) நாங்கள் இருக்கும் லீட்ஸிலிருந்து மூர்ஸ் என்னும் புதர்மேடுகள் வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மாதக் கடைசியில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்துவிடும், அதற்குள் போய்விட வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். “இங்கயே ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். இதுல கடற்கரையா?”

செப்டம்பர் 9, செவ்வாய்

தங்குமிடம். கடலைப் பார்த்த ஜன்னல், மரக்கூரை, படங்களில் எல்லாம் பிரமாதம். பதிவு செய்தபிறகுதான் வீட்டு வாசலுக்கே நாற்பத்திரண்டு படி என்று மின்னஞ்சல் வந்தது. விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. ரத்து செய்ததில் முன்பணத்தில் பாதி போயிற்று.

அந்த ஊரின் அமைப்பே அப்படி. கார் நிறுத்துமிடம் மேட்டில். அங்கிருந்து பழைய ஊருக்கு இறங்கும் சாலை செங்குத்துச் சரிவு, வெளியூர்க் கார்களை உள்ளே விடுவதில்லை. அம்மாவின் முட்டி என்ன சொல்லும்? மேட்டிலேயே தரைத்தள வீடு ஒன்று கிடைத்தது. கடல் தெரியாது. சரி, போகட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று முழுக்க ஏத்தவத்தம்தான். கடல் ஏறுவது ஏத்தம், இறங்கி வற்றுவது வத்தம்.

நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்கு இது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஐந்து மீட்டர் அளவுக்குப் போகும். வத்தத்தில் பாறைத் திட்டுகள் வில் வில்லாக வெளியே கிடக்கும், அவற்றின் இடுக்குகளில் தேங்கிய நீரில் நண்டும் கடற்சாமந்தியும் பார்க்கலாம். ஏத்தத்தில் தண்ணீர் குன்றின் அடிவாரம்வரை வந்துவிடும். மணலில் நடந்து பக்கத்துச் சிறு குடாவான பாகிள் ஹோல் பக்கம் போனவர்கள் நேரம் தவறினால் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

ஏத்தவத்த அட்டவணையைப் பார்த்து, சனிக்கிழமை வத்தம் பன்னிரண்டரைக்கு என்று குறித்து, பத்தரைக்கு இறங்குவது, ஒரு மணிக்குத் திரும்புவது என்று திட்டமும் போட்டுவிட்டேன். மாலையில் மகன் எட்டிப் பார்த்து, “அம்மா, இதுல ஜிஎம்டின்னு போட்டிருக்கே?” என்றான். ஜிஎம்டி என்றால் கிரீன்விச் நேரம், ஆனால் அக்டோபர் கடைசிவரை இங்கே கோடை நேரம். ஒரு மணி கூட்ட வேண்டும்! நல்லவேளை, தவறு பாதுகாப்பான பக்கம் இருந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருந்திருப்போம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் போயிருந்தால் கூட்டவே வேண்டாம் என்பதையும் எழுதி வைக்கிறேன். எட்டு வயதுப் பையன் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மா இன்று தானாகக் கேட்டாள். “ஓடி ஏற மேடு இருக்கா?”

2004 டிசம்பருக்குப் பிறகு அம்மா கடலில் கால் வைக்கவில்லை. ஊரில் அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசுவதில்லை, நானும் பேசமாட்டேன். நான் குளிரைப் பற்றியும் முட்டியைப் பற்றியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கணக்கு வேறு.

கிராமத்தின் படத்தைக் காட்டினேன். தண்ணீர் ஓரத்திலிருந்தே எழும்பும் சாலை, அடுக்கடுக்காக வீடுகள், உச்சியில் நாங்கள் தங்கப்போகும் தெரு. விரலால் கீழிருந்து மேல்வரை கோடு இழுத்துப் பார்த்தாள்.

“நல்ல ஊர்தான்.”

செப்டம்பர் 28, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக்கு, தெற்கே குன்றின்மேல் இருக்கும் ரேவன்ஸ்கார். 1965இல் மூடிய ரயில் பாதை இப்போது நடைபாதை, அவரும் மகனும் அதில் நடந்து வரட்டும், அம்மாவும் நானும் காரில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பெரிய கடலோர நகரம் எழுப்பப் பார்த்தார்கள். சாலை போட்டு, சாக்கடையும் கட்டியாயிற்று. மனை வாங்கத்தான் போதிய ஆள் வரவில்லை. உயரம், காற்று, கடலுக்கு இறங்கினால் கல். அந்தத் தோல்வியால்தான் இன்றும் அமைதியாக இருக்கிறது.

கடற்கரைக் கற்களில் அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம்) கிடைக்கும் என்று மகன் படம் காட்டினான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். “இது சாளக்கிராமம்டா தம்பி.”

சிரிக்கப் போனேன், ஆனால் அவள் சொன்னது சரி. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும், பெருமாளாகப் பூசிக்கும் சாளக்கிராமங்களுக்குள் இருக்கும் சுருளும் அம்மோனைட்தான். அவர் தன் பங்குக்கு, “சுமார் 19 கோடி வருஷம் பழசு அத்தை” என்றார்.

“பெருமாளுக்கு அது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல மாப்பிள்ளை.”

அக்டோபர் 9, வியாழன்

பகலில் 13 டிகிரி, கீழைக்காற்று என்கிறது முன்னறிவிப்பு. கடல்மூட்டம் வந்தாலும் வரலாம், இங்கே அதை ‘ஃப்ரெட்’ என்கிறார்கள். குளிர்ந்த கடல்மேல் ஈரக்காற்று வந்தால் பத்தடி தூரம் தெரியாமல் போகும். அப்படியானால் மணலில் இறங்குவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.

பையில்: ரப்பர் பூட்ஸ் நான்கு ஜோடி, மழைக்கோட்டு, பிளாஸ்க் இரண்டு, புளிசாதம், தைலம். அம்மா தன் கைப்பையில் வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைத்தாள்.

“எடுத்தா யாரும் ஏதும் சொல்லமாட்டாங்களே?”

“மணல்ல உதிர்ந்து கிடக்கறதை எடுக்கலாம்மா. குன்றைக் கொத்தக் கூடாது.”

“யார் கொத்தப் போறா” என்றாள். அப்புறம், “வத்தம் ஒன்றரைக்குத்தானே?” என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.