மாவு மில் காசில் ஒரு பள்ளிக்கூடம்

மான்செஸ்டரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஊர் சுற்றுவதுதான் திட்டம். ஆனால் நான் போன நேரம், வீட்டில் ஒரே பேச்சு அவள் மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுதான். பையனுக்குப் பத்து வயது. மான்செஸ்டர் கிராமர் ஸ்கூலில் பதினோரு வயதில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாமாம். சனிக்கிழமை பள்ளியைத் திறந்து வைத்து எல்லோருக்கும் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று தங்கை சொன்னாள். "அண்ணே, நீங்களும் வாங்க. ஐநூறு வருஷப் பள்ளிக்கூடம், உங்களுக்குத்தான் பழசுன்னா பிடிக்குமே" என்றாள். அதற்கு முந்தின நாளே நான் தனியாகக் கிளம்பிப் போய் அந்தப் பள்ளி முதலில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டேன். போனது நல்லதாயிற்று.

விக்டோரியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் கால்பந்து மியூசியத்தின் கண்ணாடிக் கட்டடம். அதற்குப் பக்கத்திலேயே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல, 1421-இல் பாதிரிமாருக்காகக் கட்டிய பழுப்புக் கல் வளாகம். இன்று அங்கே சீத்தம்ஸ் இசைப் பள்ளியும் 1653-இல் தொடங்கிய சீத்தம்ஸ் நூலகமும் இருக்கின்றன. 1845-இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் உட்கார்ந்து படித்த ஜன்னலோர மேஜை அந்த நூலகத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் எனக்கு வேலை அடுத்த தெருவில்.

அந்தத் தெருவின் பெயர் லாங் மில்கேட். பெயரிலேயே மில் இருக்கிறது. இர்க் என்று ஒரு சின்ன ஆறு இந்த வழியாக ஓடி, அதன் கரையில் மாவு ஆலைகள் சுழன்றன. 1515-இல் எக்ஸிட்டர் நகரத்து பிஷப் ஹியூ ஓல்டம் இங்கே ஒரு பள்ளியைத் தொடங்கியபோது, அதை நடத்தப் பணம் வேண்டுமே என்று இந்த ஆலைகளைக் குத்தகைக்கு எடுத்துப் பள்ளியின் பேரில் எழுதி வைத்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் தானியத்தையும் மால்ட்டையும், அதாவது பீருக்கு முளைகட்டிக் காயவைத்த பார்லியை, இந்த ஆலைகளில்தான் அரைக்க வேண்டும். வேறு எங்கும் போகக் கூடாது. அரைத்த கூலிதான் வாத்தியார் சம்பளம்.

இரண்டு நூற்றாண்டு இப்படி ஓடியிருக்கிறது. ஊர் பெருத்தது, ஆலை பெருக்கவில்லை. வரிசையில் நின்று சலித்துப்போன ஜனங்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த இரண்டு பேரும் ஆள் ஒல்லியாம். எலும்பு, தோல் என்று பேர் வைத்துக் கேலிப் பாட்டே கட்டியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, தானியத்தை எங்கே வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளலாம் என்று விடுவித்தது. மால்ட்டை மட்டும் விடவில்லை. அப்புறம் பல வருஷம், ஊரில் பீர் நன்றாக ஓடினால் பள்ளியில் லத்தீனும் நன்றாக ஓடியது என்று வைத்துக்கொள்ளலாம்.

1525-இல் எழுதிய விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. எந்த ஊர்ப் பையன் வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது, தொற்றுநோய் இருந்தால் ஒழிய. வாத்தியார் யாரிடமும் காசு வாங்கக் கூடாது. அந்தக் காலத்தில் வட இங்கிலாந்துப் பள்ளிகளில் சேவல் சண்டைக்கென்று பையன்களிடம் 'சேவல் காசு' வாங்குகிற வழக்கம் இருந்தது. அதன் பெயரையே குறிப்பிட்டு, அதுவும் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். சேவல் சண்டையும் கூடாது. பேரைச் சொல்லித் தடுத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு ஜோராக நடந்திருக்க வேண்டும்!

பழைய பள்ளிக் கட்டடத்தில் 19-ஆம் நூற்றாண்டுப் பகுதி ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது, இசைப் பள்ளியின் கையில். அதன் முன்னால் நின்றபோது டி குவின்சி ஞாபகம் வந்தார். பின்னாளில் பெரிய எழுத்தாளரான அவர் 1802-இல், பதினாறு வயதில், இந்தப் பள்ளியிலிருந்து ஓடிப்போனவர். வெளியூர்ப் பையன்கள் அப்போது தலைமை ஆசிரியர் வீட்டிலேயே தங்கிப் படிப்பார்கள். ஓடிப்போன அன்று விடியற்காலையில் அவர் பெட்டியைத் தோளில் சுமந்து வந்த வேலையாள் மாடிப்படியில் சறுக்கி, பெட்டி தடதடவென்று உருண்டு நேரே தலைமை ஆசிரியர் படுக்கையறைக் கதவில் போய் மோதியதாம். வேலையாளுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே தூங்கியவர் எழுந்திருக்கவே இல்லை. இதை டி குவின்சியே எழுதி வைத்திருக்கிறார்.

மறுநாள் தங்கை, மருமகன், நான் மூவரும் பஸ்ஸில் கிளம்பினோம். ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு வழியாகப் பல்கலைக்கழகம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் தாண்டியதும் ரஷோம். 'கறி மைல்' என்று சொல்லும் தெரு இதுதான். காலை நேரமாதலால் கபாப் கடைகள் பாதி ஷட்டர் திறந்தபடி இருந்தன. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டோம். தூறலில் பதினைந்து நிமிஷம் பின்னால் நடந்தோம். தங்கை ஒன்றும் சொல்லவில்லை, குடையை மட்டும் என் பக்கம் நீட்டவில்லை.

1931-இல் பள்ளி நகர நடுவை விட்டு இங்கே வந்தது. செங்கல் கட்டடம், நடுவில் முற்றம், சுற்றிலும் வகுப்பறைகள், அப்புறம் கண்ணுக்கெட்டும் தூரம் வரை புல்தரை. நுழைந்ததும் மருமகன் கேட்டது: "ஏன் எல்லா இடத்திலயும் ஆந்தை?"

உண்மைதான். ப்ளேசரில் ஆந்தை, நோட்டீஸில் ஆந்தை. ஓல்டம் என்ற பெயரை உள்ளூர்க்காரர்கள் 'ஔல்டம்' மாதிரி சொல்வார்களாம். அதனால் பிஷப் தன் சின்னத்திலேயே 'ஔல்', அதாவது ஆந்தை, மூன்றை வைத்துக்கொண்டார். சிலேடைதான். நம் ஊரில் கூரை மேல் ஆந்தை உட்கார்ந்தால் கல்லெடுத்து விரட்டுவோம். இங்கே நெஞ்சில் குத்திக்கொண்டு போகிறார்கள்.

எங்களைச் சுற்றிக் காட்ட ஒரு பதினைந்து வயதுப் பையன் வந்தான். பேச்சில் மிடுக்கு இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். வீடு போல்ட்டன் பக்கமாம், பள்ளி பஸ்ஸில் வருகிறானாம். இது பகல் பள்ளி, விடுதி கிடையாது. ஏழு வயதிலிருந்து பதினெட்டு வரை பையன்கள் மட்டும். லத்தீன் இன்னும் உண்டு. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு ஆசிரியர் எதையோ கொளுத்திப் பச்சைச் சுடரை வரவழைத்துக் காட்டியதும் மருமகன் அங்கிருந்து நகர மறுத்துவிட்டான். காப்பர் உப்பு என்று நினைக்கிறேன்.

"பஸ்ல ஹோம்வொர்க் செய்வியா?" என்று தங்கை கேட்டாள். "தூங்குவேன்" என்றான் அந்தப் பையன். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

முகாம்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவன் குரலில் உற்சாகம் வந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பள்ளிக்கு அது ஒரு பழக்கம். 1903 முதல் 1924 வரை தலைமை ஆசிரியராக இருந்த பேட்டன், பையன்களைக் கூட்டிக்கொண்டு மலை, காடு என்று நடந்தவர். இங்கே அந்தப் பதவிக்கு 'ஹை மாஸ்டர்' என்று பெயர். லேக் டிஸ்ட்ரிக்ட்டில் கிராஸ்மியருக்குப் போய்க் கூடாரத்தில் தங்குவதைப் பற்றி அவன் சொன்னான். ஒரு வாரம் விடாமல் மழையாம். அதைப் பெருமையாகச் சொன்னான்.

இங்கே படித்தவர்கள் பட்டியல் நீளம். கணித மேதை மைக்கேல் அட்டியா, கிரிக்கெட் கேப்டன் மைக்கேல் அதர்டன். நமக்கு நெருக்கமானவர் கிருஷ்ணா பன்ஜி. குஜராத்தி டாக்டரின் மகனான இவர் பின்னாளில் பென் கிங்ஸ்லி ஆகி, திரையில் காந்தியாக நடித்தார்.

கட்டணப் பேச்சுக்கு வருவோம். தங்கையின் கேள்வியே அதுதான். காசே வாங்கக் கூடாது என்று விதி எழுதிய பள்ளி இது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு அரசும் நகராட்சிகளும் பணம் கொடுத்ததால் ஏழைப் பிள்ளைகள் நிறையப் பேர் தேர்வு எழுதி உள்ளே வந்தார்கள். 1976-இல் அந்த ஏற்பாட்டை அரசு நிறுத்தியது. பள்ளி முழுக்கத் தனியாராகிவிட்டது. இப்போது ஜனவரி 2025 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வேறு. வருமானம் குறைந்த வீட்டுப் பையன்களுக்கு உதவித்தொகை உண்டு, முழுக் கட்டணமும் தள்ளுபடியாகும் வாய்ப்பும் உண்டு. சிக்கல், தங்கை வீடு மாதிரி இடையில் மாட்டிக்கொள்பவர்களுக்குத்தான். ஏழையும் இல்லை, கட்டும் வசதியும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் போனில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளைக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள், அவர் பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் அனுப்பியிருந்தார்.

பிரெஸ்ட்விச் டிராமுக்காக விக்டோரியாவில் நின்றோம். இர்க் ஆறு இப்போது இந்த ஸ்டேஷனுக்கு அடியில்தான் குழாய்க்குள் ஓடுகிறது என்று மருமகனிடம் சொன்னேன். மில் கதையையும் சொன்னேன். அவன் பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்டான்.

"ஒண்ணும் கேக்கலையே மாமா."

டிராம் வந்துவிட்டது.