எட்டு செங்கல்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் ஆரி வேலை (கொக்கி ஊசியால் ப்ளவுஸ் துணியில் மணி வைத்துப் போடும் பூ வேலை) செய்கிற எந்தப் பெண்ணிடமாவது கழுத்து வலிக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். "அது எப்பவும் இருக்கறதுதானே" என்பார்கள். நானும் பதினொரு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஆடி மாசம் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணி முகூர்த்த ப்ளவுஸ் எல்லாம் அப்போதுதான் வந்து குவியும். ஒரு ராத்திரி வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய்விட்டன. ஊசி முனையில் மணி இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அன்றுதான் பயந்தேன்.

அதற்கு முன்னால் செய்யாத வைத்தியம் இல்லை. தைலம், ரெண்டு தலையணை, விளக்கெண்ணெய் போட்டு சுளுக்கு வழிப்பது, மெடிக்கலில் வாங்கிய கழுத்துப் பட்டையை, அதான் காலரை, ஒரு மாசம் கழற்றாமல் மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரர், "சலூன்ல தலையைத் திருப்பி ஒரு சொடக்கு எடுத்தா சரியாயிடும்" என்றார். நல்லவேளை, பெண்களுக்கு அந்த சலூன் கிடையாது. கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்கு ரத்தக் குழாய் போகிறது, வெடுக்கென்று திருப்பும்போது அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து, "தேய்மானம், இந்த வேலையை விட்டுடுங்க" என்று ரெண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டால் பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவது?

வழி பக்கத்து வீட்டுப் பாட்டி மூலமாக வந்தது. பாட்டிக்குப் பக்கவாதம். வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி மேடம் வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுப்பார். (அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம்ம மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான்.) பாட்டிதான், "இந்தப் புள்ளையையும் கொஞ்சம் பாரும்மா" என்று என்னை இழுத்துவிட்டார்.

மேடம் முதலில் என் கழுத்தைத் தொடவே இல்லை. சின்ன சுத்தியலால் முழங்கையில் தட்டினார், அவர் விரலைப் பிடித்து நசுக்கச் சொன்னார். பலம் குறையவில்லை என்றார். "பொருள் கை நழுவி விழுந்தாலோ, நடை தள்ளாடினாலோ, ஒண்ணுக்கு போறதுல மாற்றம் வந்தாலோ ஒரு நாள்கூட தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." தேய்மானத்தைக் கேட்டதற்கு, நாற்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாதவர்கள் பல பேருக்கும் எக்ஸ்ரேவில் அது தெரியும் என்றார்.

அப்புறம், "நீங்க வேலை பண்ணுங்க, நான் பாக்கறேன்" என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்துப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். காது தோளுக்கு நேரே இருக்க வேண்டும். எனக்குத் தோளைத் தாண்டி ஒரு சாண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. தலை சுமார் 5 கிலோ. அறுபது டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோ பாரம் என்று 2014-ல் ஒரு அமெரிக்க டாக்டர் கணக்குப் போட்டிருக்கிறாராம். அரை மூட்டை சிமெண்டைத் தாண்டிவிட்டது!

காரணம் என் ஃப்ரேம், துணியை இழுத்துக் கட்டுகிற சட்டம். தரையில் சம்மணம் போட்டால் மடிக்குச் சமமாக இருக்கும், நான்தான் அதைத் தேடிக் குனிகிறேன். முழங்கைக்கு நாலு விரல் மேலே வர வேண்டும் என்றார் மேடம். ஃப்ரேமின் நாலு காலுக்கும் அடியில், காலுக்கு ரெண்டாக எட்டு செங்கல் வைத்தேன். டியூப் லைட்டையும் தலைக்கு முன்னால் மாற்றினேன். நிழல் விழுந்தாலும் குனியத்தானே செய்வோம்.

பயிற்சியில் முக்கியமானது பார்க்கவே சிரிப்பாக இருக்கும். தலையை நிமிர்த்தாமல், குனியாமல், மேஜை டிராயரை உள்ளே தள்ளுவதுபோல முகவாயை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். கழுத்தில் இரட்டை மடிப்பு விழும். அஞ்சு எண்ணி விட வேண்டும், பத்து தடவை. என் பெண் அதற்கு "ஆமைப் பயிற்சி" என்று பேர் வைத்தாள். அடுத்தது, உள்ளங்கையால் நெற்றியைத் தள்ளி, தலை அசையாமல் எதிர்த்து நிற்பது. பக்கவாட்டிலும், பின்னந்தலையிலும் அதே மாதிரி. ரெண்டு தோள்பட்டை எலும்பையும் முதுகுக்கு நடுவில் சேர்ப்பது. காலரைக் கழற்றச் சொல்லிவிட்டார், தசை சோம்பேறியாகிவிடுமாம். தலையணை ஒன்றுதான். ராத்திரி கால் மணி நேரம் வெந்நீர்ப் பை.

அரை மணிக்கு ஒருதரம் எழுந்திருக்கச் சொன்னதுதான் கஷ்டம். போனில் அலாரம் வைத்தேன், எரிச்சல்தான் வந்தது. இப்போது மயில் தோகையில் ஒரு கண் முடிந்தால் எழுந்து வாசல் வரை போய் வருகிறேன்.

மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆறாவது வாரம் விரலுக்கு மணி மறுபடி தெரிந்தது. முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தை மாசம் ரெண்டு ராத்திரி தொடர்ந்து உட்கார்ந்தேன், மூன்றாம் நாள் வலி வந்து நின்றது. நாலு நாள் ஒழுங்காக ஆமை செய்ததும் அடங்கியது.

கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுக்க நாலு செங்கல் வேண்டும் என்று வீட்டுக்காரர் நேற்று ஃப்ரேமுக்கு அடியில் கை விட்டார். வேற எங்காவது போய் எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டேன்.